சுருட்டை முடி, போர் தண்ணி, தேங்கா நாரு மாதிரி நுனி... என்னதான் பண்றது?

சுருட்டைக்காரி:
வணக்கம், நான் காரைக்குடிகிட்ட பள்ளத்தூர் பக்கம், வயசு 26. அப்பத்தாவோட சுருட்டை முடி அப்படியே எனக்கு வந்திருக்கு. காலேஜ் படிக்கிறப்ப மெட்ராஸ்ல ஸ்ட்ரெயிட்னிங் பண்ணிப் பண்ணி, ஒன்றரை வருஷம் முன்னாடி போதும்டா சாமின்னு விட்டுட்டேன். இப்ப மேல முக்கா சாணுக்கு சுருட்டை, கீழ மிச்சமெல்லாம் நீட்டமா வெளக்குமாறு மாதிரி தொங்குது. வேலைய விட்டு ஊருக்கு வந்ததுல இருந்து இன்னும் மோசம், வீட்ல போர் தண்ணி, பக்கெட்ல வெள்ளை வெள்ளையா உப்புப் படியும், என் தலையிலயும் அதேதான் படியுதுன்னு நெனைக்கிறேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஷாம்பு போடுறேன், காஞ்சதும் நாரு மாதிரி ஆயிடுது. அம்மா எண்ணெய் வையி எண்ணெய் வையிங்கிறாங்க, வச்சா பொடுகு கெளம்புது. சீயக்கா போட்டேன், இன்னும் வறண்டு போச்சு. முடி எவ்வளவு தண்ணி இழுக்குதுன்னு தெரிஞ்சுக்க, ஒரு கிளாஸ் தண்ணில போட்டு மிதக்குதா முங்குதான்னு வேற பாத்தேன் (சிரிக்காதீங்க). வாரம் எத்தனை தடவை தலைக்குக் குளிக்கணும், எண்ணெய் எப்ப வைக்கணும்னு யாராவது தெளிவா சொல்லுங்க ப்ளீஸ். தை மாசம் அண்ணன் கல்யாணம் இருக்கு.

கோட்டையூர் ஆச்சி:
ஏத்தா, மொதல்ல அந்த கிளாஸ் தண்ணிய கீழ ஊத்து. முடியில எண்ணெய்ப் பசை இருந்தாலே மிதக்கும், அத வச்சு ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது. எனக்கும் சுருட்டைதான், 61 வயசாகுது, இன்னும் கொண்டை போட்டா கைக்கு அடங்காது. சீயக்கா வறட்டுதுன்னு சொன்னியே, எண்ணெய் தேய்க்காத தலையில போட்டிருப்ப. அது எண்ணெயப் போக்கத்தான் வந்துச்சு, எடுக்க எண்ணெய் இல்லன்னா இருக்கிற கொஞ்ச நஞ்ச பசையையும் உருவிரும். நாங்க வெள்ளிக்கிழமை எண்ணெய் தேச்சு ஒரு மணி நேரம் ஊறி, வடிச்ச கஞ்சியில சீயக்காயக் கரைச்சுத்தான் தேய்ப்போம், கஞ்சியில கரைச்சா கரகரன்னு இருக்காது. அப்பறம் தண்ணி. அந்தக் காலத்துல ஐப்பசி கார்த்திகை மழையில வளவு முற்றத்துல விழுற தண்ணிய பித்தளை அண்டாவுல புடிச்சு வப்போம், மொத மழைத் தண்ணிய விட்டுட்டு அடுத்ததுதான் புடிக்கிறது. அந்தத் தண்ணில அலசுனா தலை வழுவழுன்னு இருக்கும் பாரு. இப்ப எந்த வீட்ல அண்டா இருக்கு, எல்லாம் பழைய சாமான் கடைக்குப் போயிருச்சு.

இன்னொண்ணு, துண்ட வச்சு தலைய பரபரன்னு தொவட்டாத. நைஞ்சு போன பழைய கண்டாங்கி சேலை இருந்தா கிழிச்சு சுத்திக்க, அந்தப் பருத்தி நல்லா ஈரம் இழுக்கும், முடியப் புடிச்சு இழுக்காது.

மருந்துக்கடை:
ஆச்சி சொன்னதுல முக்காவாசிக்கு நான் ஒத்துக்கிறேன். ஒரே ஒரு விஷயம், பொடுகு இருக்கறப்ப உச்சந்தலையில எண்ணெய் வைக்காதீங்க. பொடுகுக்குப் பின்னாடி இருக்கிற ஈஸ்ட்டுக்கு எண்ணெய்தான் சாப்பாடு, நாம ஊட்டி வளக்குற மாதிரி ஆயிரும். கீட்டோகோனசோல் 2 சதவீதம் ஷாம்பு வாங்கி வாரம் ரெண்டு தடவை, தலைத்தோல்ல மட்டும் தடவி அஞ்சு நிமிஷம் விட்டு அலசுங்க, நாலு வாரத்துல அடங்கும், அடங்கலன்னா தோல் டாக்டரப் பாருங்க. அந்த ஷாம்பு முடியக் காய வைக்கும், அதனால குளிக்கறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி தேங்காய் எண்ணெய நீளத்துலயும் நுனியிலயும் மட்டும் தடவிக்கங்க. தேங்காய் எண்ணெய் முடிக்குள்ள எறங்கும், அலசுறப்ப புரதம் கரைஞ்சு போறதக் குறைக்கும், அதனால குளிச்ச பின்னாடி வைக்கிறத விட முன்னாடி வைக்கிறதுதான் லாபம். சுருட்டை முடி ஏன் காயுதுன்னா, தலைத்தோல்ல ஊறுற எண்ணெய் அந்த வளைவுல வழுக்கி நுனி வரைக்கும் போய்ச் சேராது, அவ்வளவுதான், உங்க முடியில கோளாறு ஒண்ணும் இல்ல.

போர் தண்ணிக்கு மாசம் ஒரு தடவை, பின்னாடி லேபிள்ல ஈடிடிஏன்னு போட்டிருக்கிற ஷாம்பு பாத்து போடுங்க, படிஞ்ச கால்சியத்தப் புடிச்சு இழுத்துட்டு வரும். மத்தபடி வாரம் ரெண்டு குளியல் தாராளம்.

தேவகோட்டை தம்பி:
அக்கா, விளக்கெண்ணெய் பக்கம் மட்டும் போயிராதீங்க. முடி அடர்த்தியா வளரும்னு எங்க சின்னம்மா மக அரைக் கிண்ணம் ஊத்தித் தலைய நல்லாக் கசக்கித் தேச்சு வெந்நியில அலசுனா, முடி பூரா ஒண்ணோட ஒண்ணு பின்னி குருவிக்கூடு மாதிரி கட்டிக்கிச்சு, ரெண்டு நாள் சிக்கெடுத்தும் பிரியல, கடைசியில வெட்டித்தான் எடுத்தாங்க, சின்னம்மா அழுத அழுகை இருக்கே. அந்த எண்ணெய் அவ்வளவு பிசுபிசுப்பு. வேணும்னா தேங்காய் எண்ணெயில நாலு சொட்டு, அதுக்கு மேல வேணாம்.

சுருட்டைக்காரி:
மூணு வாரம் கழிச்சு வரேன். பொடுகு பாதி போயிருச்சு! கண்டாங்கி ஐடியாவுக்கு ஆச்சிக்கு ஒரு கும்பிடு. எங்களுக்கு அண்டாவும் இல்ல மழையும் இல்ல, அதனால கடைசி ரெண்டு சொம்பு மட்டும் ஆர்ஓ தண்ணி ஊத்திக்கிறேன். காரைக்குடியில அத்தை வீட்ல சம்பை ஊத்துத் தண்ணி வருது, அது எங்க போர் தண்ணி மாதிரி உப்பு இல்ல, அங்க போய் குளிச்ச அன்னிக்கு வித்தியாசம் அப்படியே தெரிஞ்சது. கண்டிஷனரோட ஈரமா இருக்கறப்பவே அகலப் பல்லு சீப்புல நுனியில இருந்து மேல சிக்கெடுக்கிறேன், இவ்வளவு நாள் காஞ்ச தலைய உச்சியில இருந்து சீவி முடியப் பிச்சிருக்கேன். இப்ப ஒரே குழப்பம், அந்த வெளக்குமாறு நுனிய வெட்டவா வேணாமா? அம்மா கல்யாணத்துக்கு முன்னாடி கத்திரிக்கோலே எடுக்கக் கூடாதுங்கிறாங்க.

கோட்டையூர் ஆச்சி:
ஒரேயடியா வெட்டாதத்தா, மாசம் ரெண்டு விரக்கடை எடு. ஈரமா இருக்கறப்ப வெட்ட விடாத, காஞ்சதும் சுருண்டு மேல ஏறிக்கும், நீ கேட்டத விட குட்டையா நிக்கும். கல்யாணத்தன்னைக்குப் பின்னிப் பூ வச்சுட்டா நுனி யாருக்குத் தெரியப் போகுது. உங்க அம்மாட்ட நான் சொன்னேன்னு சொல்லு.

சுருட்டைக்காரி:
சொன்னேன் ஆச்சி. "யாரு அந்த ஆச்சி, எந்தக் கோவில்"னு கேக்குறாங்க, நம்ம நகரத்தார்ல கோவிலச் சொன்னாத்தான எந்த வகையறான்னு தெரியும்.