அசைவு சிக்கலானாலும் ரியாக்‌ஷன் டைம் கூடவில்லை, எங்கே தப்பு?

பெங்களூரு_எம்பிடி:
அண்ணா, அக்கா, எல்லோருக்கும் வணக்கம். ப்ராக்டிகலுக்காக ஹென்றி, ரோஜர்ஸ் 1960-இல் செய்த சோதனையைத் திரும்பச் செய்கிறோம். அசைவு சிக்கலாக ஆக, ரியாக்‌ஷன் டைம், அதாவது சைகை வந்ததிலிருந்து அசைவு தொடங்கும் வரையான நேரம், கூடும் என்று காட்டிய சோதனை அது. முதல் அசைவு, கீயிலிருந்து விரலை எடுப்பது மட்டும். இரண்டாவது, விரலை எடுத்துப் போய்த் தொங்கும் டென்னிஸ் பந்தைப் பிடிப்பது. மூன்றாவது, ஒரு பந்தைத் தட்டி, திரும்பிப் பட்டனை அழுத்தி, மறுபடி இன்னொரு பந்தைத் தட்டுவது. லேப்டாப் திரை பச்சையானதும் ஸ்பேஸ் பாரை விட வேண்டும். ‘ரெடி’ சொல்லிச் சரியாக 2 விநாடியில் பச்சை வரும். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. ஏன்?

நரம்பும்_தசையும்:
முதல் சந்தேகம் அந்த 2 விநாடி மேல்தான். இடைவெளி மாறாவிட்டால் ஆட்கள் வெளிச்சத்தைப் பார்த்துக் கிளம்புவதில்லை, நேரத்தைக் கணித்துக் கிளம்புகிறார்கள். 1 முதல் 4 விநாடிக்குள் தாறுமாறாக மாற்றுங்கள். பத்தில் ஒரு முறை வெளிச்சமே வராமல் விடுங்கள், அப்போது கை எடுப்பவர் யாரென்று தெரிந்துவிடும். 100 மில்லிசெகண்டுக்குக் கீழ் வருவதை நீக்குங்கள்.

இதைவிட முக்கியம், விரலை வெடுக்கென்று எடுத்துவிட்டு, கை பாதி வழியில் இருக்கும்போது மீதியை யோசிப்பது. அப்போது திட்டமிடும் நேரம் ரியாக்‌ஷன் டைமிலிருந்து மூவ்மெண்ட் டைமுக்கு (விரல் எடுத்ததிலிருந்து அசைவு முடியும் வரையான நேரம்) நழுவிப் போய்விடும். அதனால் மூவ்மெண்ட் டைமையும் தனியாக அளங்கள். ஒரே வீச்சில், முடிந்த வேகத்தில் முடிக்கச் சொல்லுங்கள், மெதுவாக முடித்த முறைகளைத் திரும்பச் செய்யச் சொல்லுங்கள்.

மூன்று அசைவையும் கலந்து கொடுக்காதீர்கள். எது வரும் என்று முன்பே தெரிய வேண்டும், இல்லாவிட்டால் அது சாய்ஸ் ரியாக்‌ஷன் டைம், அதாவது எதைச் செய்வதென்று தேர்ந்தெடுக்கும் நேரமும் சேர்ந்தது. அதில் க்ளாப் என்ற ஆய்வாளர் காட்டியபடி கதையே வேறு: அசைவில் எத்தனை துண்டுகள் என்பதன் பாதிப்பு குறைந்து, ஒரு துண்டின் உள்சிக்கல் முன்னுக்கு வரும்.

எஸ்பிரோடு_சர்க்யூட்:
கருவியும் காலை வாருகிறது. அந்தச் சோதனையில் முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குச் சுமார் 35 மில்லிசெகண்ட் கூடியது, இரண்டிலிருந்து மூன்றுக்குச் சுமார் 13 மட்டுமே. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃப்ரேமே 16.7 மில்லிசெகண்ட். கீபோர்டின் தாமதமும் ஒரே சீராக இருக்காது. நம்ம ஊர் எலக்ட்ரானிக்ஸ் கடைவீதியான எஸ்.பி. ரோட்டில் ஒரு ஆர்டுயினோ ஊனோ (புரோகிராம் எழுதக்கூடிய சின்ன சர்க்யூட் போர்டு), ஒரு எல்.இ.டி., நெம்புகோல் வைத்த ஒரு மைக்ரோஸ்விட்ச் வாங்கி, அந்த போர்டின் மைக்ரோஸ் ஃபங்ஷனில் (மைக்ரோசெகண்டில் நேரம் சொல்லும் கட்டளை) நேரம் எடுங்கள். ஸ்விட்ச் விடுபடும்போது சில மில்லிசெகண்ட் துள்ளும், அதாவது சிக்னல் மாறி மாறி வரும். சிக்னல் முதன்முதலில் மாறிய நேரத்தைப் பதிந்து, அடுத்த 20 மில்லிசெகண்டைக் கண்டுகொள்ளாதீர்கள். டீபவுன்ஸ் என்று துள்ளல் அடங்கும் வரை காத்திருந்து பதிந்தால் அந்தக் காத்திருப்பும் கணக்கில் ஏறிவிடும்.

பெங்களூரு_எம்பிடி:
மிக்க நன்றி. பயிற்சியில் இந்த வித்தியாசம் மறையுமா? எந்த வரிசையில் கொடுப்பது?

நரம்பும்_தசையும்:
குறையும். பழகப் பழகத் தனித்தனித் துண்டுகள் ஒரே கட்டாக இணைந்துவிடுகின்றன. அதனால்தான் வரிசை முக்கியம்: ஆறு வரிசைகளையும் ஆட்களுக்குச் சமமாகப் பிரித்துக் கொடுங்கள். ஒவ்வொரு அசைவுக்கும் 10 பழகு முறை, பிறகு 30 அளவீடு. சராசரியைவிட ஒவ்வொருவரின் இடைநிலை எண்ணை (மீடியன்) எடுப்பது நல்லது, ஓரிரு தூங்கிவழிந்த முறைகள் அதைக் கெடுக்காது. பயிற்சியின் பலனைக் காட்ட வேண்டுமென்றால் மூன்றாவது அசைவை மட்டும் சில நாள் பழக்கி, மூன்றையும் மறுபடி அளங்கள். முதல் அசைவின் நேரம் அப்படியே நிற்க, மூன்றாவது மட்டும் இறங்கினால், குறைந்திருப்பது திட்டமிடும் நேரம்தான், பொதுவான சுறுசுறுப்பு அல்ல.