தாழ்வாரத் தொட்டியில் சியாவ் பாய் சாய் (சீனக் கீரை): தண்டு நீள்கிறது, இலையெல்லாம் ஓட்டை. என்ன செய்யலாம்?

ஈசூன்வாசி
வணக்கம். சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி) வீடு, 4ஆம் மாடி, வடக்குப் பார்த்த தாழ்வாரம். 20 செ.மீ. ஆழமுள்ள நீளத் தொட்டிகள் இரண்டு. ஜூனில் சியாவ் பாய் சாய் குண்டு குண்டாக வந்தது. இப்போது நவம்பர். அதே விதை, அதே தொட்டி, ஆனால் தண்டு மட்டும் நீண்டு சாய்கிறது. கோழி எரு உருண்டை கூடுதலாகப் போட்டும் தேறவில்லை. இலை முழுக்கக் குண்டூசியால் குத்தியதுபோல் ஓட்டை. வலை கட்டினேன், பிடி (Bt, புழுவைக் கொல்லும் பாக்டீரியா) மருந்தும் அடித்தேன், நிற்கவில்லை. பக்கத்துத் தொட்டியில் சாய் சிம் (இன்னொரு சீனக் கீரை) அதற்குள் பூத்துவிட்டது. மண்ணை மொத்தமாக மாற்றிவிடவா?

வேரும்மண்ணும்
மண்ணை விடுங்கள், உங்களுக்குக் குறைவது வெயில். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு 1 பாகைக்குச் சற்று வடக்கே இருப்பதால், மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் பிற்பகுதி வரை நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். மீதி மாதங்களில் தெற்கே போய்விடும். ஜூனில் உங்கள் தாழ்வாரத்துக்குள் விழுந்த நேர் வெயில் இப்போது எதிர்ப்பக்க வீடுகளுக்குப் போகிறது. போதாததற்கு வடகிழக்குப் பருவமழை மேகம் வேறு.

இந்த வகைக் கீரைக்கு நாளுக்கு 4 மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். வெளிச்சம் குறைந்த இடத்தில் எருவைக் கூட்டினால் செடி இன்னும் நெட்டையாகி, அசுவினியும் வந்து சேரும். எருவை நிறுத்திவிட்டு, அடித் துளையில் ஒழுகும்வரை ஒருமுறை நன்றாகத் தண்ணீர் ஊற்றி வடிய விடுங்கள். தட்டில் தேங்கியதை உடனே கொட்டிவிடுங்கள், கொசு முட்டையிடும். வெயிலைத் தேடித் தொட்டியைக் கைப்பிடிச் சுவர்மேல் ஏற்ற வேண்டாம், கீழே ஆள் நடமாடும் இடம்.

சாய் சிம் பூப்பது கோளாறு இல்லை. முதல் ஒன்றிரண்டு மஞ்சள் பூ விரியும்போதுதான் அறுக்க வேண்டும். பூவோடு சமைக்கலாம். அதற்கு மேல் விட்டால் தண்டு நாராகும்.

கீரைக்கட்டு
ஓட்டையைப் பற்றி நான் சொல்கிறேன். பச்சையைச் சுரண்டிக் கண்ணாடிபோல் மெல்லிய தோலை மட்டும் விட்டிருந்தால் வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு, அதற்குப் பிடி கேட்கும். சின்னச் சின்ன வட்ட ஓட்டையாக இருந்தால் தெள்ளு வண்டு. 2 மி.மீ. நீளம், கறுப்பு முதுகில் இரண்டு மஞ்சள் கோடு, கையைக் கொண்டுபோனால் தெறிக்கும். நீங்கள் வாங்கியிருக்கும் பிடி புழுவுக்கான மருந்து, இந்த வண்டை ஒன்றும் செய்யாது.

வலை ஏன் பலிக்கவில்லை என்றால், இதன் புழு மண்ணுக்குள் வேரைத் தின்று, அங்கேயே கூட்டுப்புழுவாகி, வண்டாக மேலே வரும். பழைய மண்மேல் வலை கட்டினால் அதை உள்ளேயே அடைத்து வளர்ப்பதாக ஆகும். கடுகுக் குடும்பமே (சாய் சிம், காய்லான், முள்ளங்கி எல்லாம்) இரண்டு மாதமாவது அந்த மண்ணில் இருக்கக் கூடாது. அதன்பின் விதைத்த அன்றே 0.6 மி.மீ. கண் வலையை, ஓரம் இடைவெளி விடாமல் கட்டுங்கள்.

ஈசூன்வாசி
தட்டிப் பார்த்தேன், தெறிக்கிறது! கோடும் தெரிகிறது. அப்படியானால் மார்ச் வரை என்ன நடலாம்? இருக்கும் நெட்டைச் செடிகளைச் சாப்பிடலாமா?

வேரும்மண்ணும்
பிரேசில் கீரை, சர்க்கரைவள்ளி இலை. இரண்டும் ஓரளவு நிழல் தாங்கும், கடுகுக் குடும்பமும் இல்லை. 15 செ.மீ. தண்டை வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி ஊன்றுங்கள். பிரேசில் கீரையில் ஆக்சலேட் உண்டு, வேகவைத்தே சாப்பிடுங்கள். காங்கோங் (வள்ளைக்கீரை) இப்போது வேண்டாம், அதுவும் வெயில் கேட்கும். சியாவ் பாய் சாயை ஏப்ரலில் விதைத்து, 15 செ.மீ.க்கு ஒன்றாகக் கலைத்துவிடுங்கள்.

காய்லான்பிரியை
தாராளமாகச் சாப்பிடலாம். வேரோடு பிடுங்கி, மண் போக மூன்று தண்ணீரில் அலசுங்கள். தண்டையும் இலையையும் பிரித்து வையுங்கள், சேர்த்துப் போட்டால் தண்டு வேகும்முன் இலை குழைந்துவிடும். ஒரு லிட்டர் கொதிநீரில் ஒரு தேக்கரண்டி உப்பு, சில சொட்டு எண்ணெய். தண்டு 30 விநாடி, பிறகு இலை 15 விநாடி, உடனே வடித்துவிடுங்கள். தட்டி வைத்த பூண்டை எண்ணெயில் பொன்னிறமாக வறுத்து, ஒரு தேக்கரண்டி சோயா சாஸோடு மேலே ஊற்றுங்கள். வாணலியிலேயே பிரட்டுவதென்றால் இலையில் ஈரம் இருக்கக் கூடாது. ஒரு கைப்பிடிக்கு மேல் ஒரே தடவையில் போடவும் வேண்டாம், நீர் விட்டு அவிந்துபோகும்.