உதவி: டாடா 1210 ஐட்லிங்கில் ஊஞ்சலாடுகிறது, ஒருமுறை ரேஸ் பிடித்துக்கொண்டது. கதவு எழுத்தையும் காப்பாற்றணும்

உப்பனாறு_ஓடி:

வண்டி டாடா 1210, ஆறு சிலிண்டர் 692 எஞ்சின், மிக்கோ லைன் டீசல் பம்ப், வேக்குவம் கவர்னர் (வேகத்தைக் கட்டுப்படுத்துவது). நிற்கிற இடம் கடலூர் ஓ.டி.யில் (ஓல்ட் டவுன்), எப்போதோ மூடிவிட்ட ஒரு லாரி சர்வீஸின் ஷெட். தானே புயலில் (2011 டிசம்பர் 30) கூரை பறந்ததிலிருந்து வெயில், மழை, உப்புக்காற்று மூன்றும் நேராக வண்டிமேல்தான். ரோட்டில் ஓட்டும் எண்ணம் இல்லை. ஆயுத பூஜை அன்று ஷெட்டுக்குள்ளேயே ஸ்டார்ட் ஆகி, பத்தடி முன்னே வந்து எலுமிச்சம்பழத்தை நசுக்கினால் போதும்.

இதுவரை செய்தது: டேங்கை இறக்கிக் கழுவினோம். அடியில் ஒரு லிட்டருக்குமேல் தண்ணீர், அதற்கு மேலே கறுப்புக் கூழ். டீசல் பில்டர் இரண்டும் புதிது. ஆயில் மாற்றியாச்சு. பீடு பம்ப் குமிழை அடித்து, முதலில் பில்டர் தலையில், அப்புறம் பம்ப் ஸ்குரூவில், கடைசியாக நாசில் (சிலிண்டருக்குள் டீசல் தெளிப்பது) யூனியன்களைத் தளர்த்தி செல்ஃப் அடித்து ஏர் எடுத்தோம். ஸ்டார்ட் ஆகிவிட்டது.

கோளாறு: ஐட்லிங் நிற்கவே மாட்டேன் என்கிறது. ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். மூன்றாவது தடவை ஸ்டார்ட் செய்தபோது ஆக்சிலேட்டரைத் தொடாமலே முழு ரேஸ். ஸ்டாப்பர் இழுத்தும் உடனே அடங்கவில்லை. ஏர் கிளீனர் வாயில் சாக்கைத் திணித்துத்தான் நிறுத்தினோம்.

இரண்டாவது விஷயம் கதவு. மேலே இருக்கிற பச்சைப் பெயின்ட்டுக்கு அடியில் பழைய கம்பெனி எழுத்து தடித்துத் தெரிகிறது. அதைக் கெடுக்காமல் வெளியே கொண்டுவர முடியுமா? எந்த வருஷத்து எழுத்து என்று சொல்ல முடியுமா?

நெல்லிக்குப்பம்_லோடு:

ஆறு நாசிலையும் கழற்றி டெஸ்ட்டுக்குக் கொடுங்க. இத்தனை வருஷம் நின்ற வண்டியில் நாசில் ஊசி பிடித்திருக்கும். ஊஞ்சலாட்டம் அதில்தான் வருது.

முத்தியால்பேட்டை_பம்ப்:

நாசில் இல்லை அண்ணே. நாசில் கெட்டால் ஒரு சிலிண்டர் தட்டும், புகை தள்ளும், எஞ்சின் நொண்டும். இங்கே ஆறும் ஒண்ணா ஏறி ஒண்ணா இறங்குது. இது கவர்னர் வேலை.

உப்பனாறு தம்பி, முதலில் செல்ஃப் அடிப்பதை நிறுத்துங்க. சாக்கைத் திணித்தது பெரிய தப்பு, அதை எஞ்சின் உள்ளே இழுத்திருந்தால் வால்வு போயிருக்கும். இனிமேல் ஸ்டார்ட் செய்யும்போது ஏர் கிளீனரைக் கழற்றிவிட்டு, வாயை மூடுகிற அளவுக்கு ஒரு தடிப் பலகையோடு ஒரு ஆளை நிறுத்துங்க. கையால் மூடக்கூடாது, துணியும் வேண்டாம்.

ஏன் ரேஸ் பிடிக்குது என்று தெரிந்தால்தான் எங்கே தேடுவது என்று புரியும். இந்தக் கவர்னரில் எடைக் குண்டு கிடையாது. காற்று உள்ளே போகும் இன்டேக் வாயில் ஒரு வென்சுரி, அதாவது குறுகின கழுத்து, அதற்குள் பட்டர்ஃபிளை என்கிற திருகு தகடு. அங்கிருந்து ஒரு குழாய் பம்பின் பின்தலைக்குப் போகும். பின்தலைக்குள் ஒரு டயாபிரம், சவ்வு மாதிரி, ரேக்கோடு சேர்ந்தது. ரேக் என்பது டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் தண்டு. ஸ்பிரிங் எப்போதும் ரேக்கை முழு டீசல் பக்கமே தள்ளிக்கொண்டிருக்கும். வேக்குவம் மட்டும்தான் அதைப் பின்னால் இழுத்துப் பிடித்து வைப்பது. ஆக வேக்குவம் எங்கே கசிந்தாலும், டயாபிரம் கிழிந்தாலும், குழாய் கழன்றாலும், வண்டி நிற்காது, பறக்கும்.

இரண்டு சோதனை பண்ணிச் சொல்லுங்க, பம்பை இறக்க வேண்டாம்.

எஞ்சின் ஆஃபில் இருக்கட்டும். பம்பின் பக்கத் தகட்டைத் திறந்து ரேக்கை விரலால் முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்க. வெண்ணெய் மாதிரி போகணும். எங்கேயாவது இழுத்துப் பிடித்தால் பழைய டீசல் பிசின் ஒட்டியிருக்கு. அந்த நிலையில் ஸ்டாப்பர் இழுத்தாலும் ரேக் மெதுவாகத்தான் திரும்பும். நீங்க சொன்ன அறிகுறி அதுதான்.

அடுத்தது டயாபிரம். கவர்னர் தலையிலிருந்து வேக்குவம் குழாயைக் கழற்றுங்க. ஸ்டாப் லீவரை முழுசாக ஸ்டாப் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு, குழாய் கழன்ற ஓட்டையைக் கட்டைவிரலால் இறுக்க அடைத்து, லீவரை விடுங்க. டயாபிரம் நல்லா இருந்தால் கொஞ்சம் நகர்ந்து அங்கேயே நின்றுவிடும், பிறகு ஊர்ந்து ஊர்ந்து வரும். சட்டென்று முழுசாகத் திரும்பினால் கசிவு.

ஒரு கேள்வி: வேக்குவம் குழாய் பழசா, நீங்க மாற்றினதா?

உப்பனாறு_ஓடி:

ரேக் பாதி வழியில் கொஞ்சம் பிடிக்கிறது. கட்டைவிரல் சோதனையில் லீவர் உடனே திரும்பிவிட்டது. குழாய் நாங்கள் மாற்றியதுதான். பழைய ரப்பர் வெடித்திருந்ததால் கண்ணாடி மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் டியூப் போட்டோம்.

முத்தியால்பேட்டை_பம்ப்:

மூன்றும் சேர்ந்திருக்கு. அந்தப் பிளாஸ்டிக் டியூபை இன்றே தூக்கிப் போடுங்க. எஞ்சின் சூட்டில் இளகும், வேக்குவத்தில் உள்வாங்கிச் சப்பையாகும், முனையில் நழுவும். மூன்றாவது ஸ்டார்ட்டில் எஞ்சின் சூடாகி இருந்திருக்கும், அப்போதுதான் ரேஸ் வந்திருக்கும். துணி வரிந்த தடி ரப்பர் ஹோஸ், இரண்டு முனையிலும் கிளிப். வளைவில் மடிப்பு விழக்கூடாது.

ரேக்குக்கு: பம்பின் மேல்பக்கம் டீசலும் கொஞ்சம் சுத்தமான மெல்லிய ஆயிலும் விட்டு, ஒரு ராத்திரி ஊறவிட்டு, விரலாலேயே முன்னும் பின்னும் ஓட்டுங்க. சுத்தியலால் தட்டவே கூடாது. ஊறியும் வரவில்லை என்றால் எலிமென்ட் (பம்புக்குள் டீசலைத் தள்ளும் பிளஞ்சர்) பிடித்திருக்கு. அப்போது மட்டும் பம்பை இறக்கிப் பெஞ்சுக்கு அனுப்பணும், இறக்குமுன் கப்ளிங்கில் இருபக்கமும் மார்க் போட்டுக்கொண்டு.

டயாபிரத்துக்குப் பின்தலை மூடியைப் பம்ப் வண்டியில் இருக்கும்போதே கழற்றலாம். உள்ளே ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கும், மூடியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே ஸ்குரூவை மாற்றி மாற்றித் தளர்த்துங்க. புது டயாபிரம் போடும்போது விளிம்பில் ஒரு சுருக்கம் இருக்கக்கூடாது, பசையும் தடவக்கூடாது. எதிரெதிர் ஸ்குரூவாக இறுக்கணும். மூடியதும் கட்டைவிரல் சோதனை மறுபடி. அது தேறாமல் சாவியைத் தொடாதீங்க.

இன்னொன்று. டயாபிரத்தின் வெளிக்காற்றுப் பக்கத்துக்கும் ஒரு மூச்சு ஓட்டை உண்டு. நின்ற வண்டியில் அதில் குளவி மண் வைத்து அடைத்திருக்கும். அடைந்தால் டயாபிரம் சோம்பேறியாகி, அதுவே ஊஞ்சலாட்டம் தரும்.

ஈய முத்திரை குத்தின ஸ்குரூ பக்கம் போகவே வேண்டாம்.

பாதிரிப்புலியூர்_பிரஷ்:

கதவு விஷயத்துக்கு வருவோம். முதலில் எதையும் தேய்க்காதீங்க. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைக் கதவோடு ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் பிடிங்க. கீழ் எழுத்தின் விளிம்பு நிழல் போடும். நான்கு பக்கத்திலிருந்தும் நான்கு போட்டோ. அப்புறம் பட்டர் பேப்பரைக் கதவில் ஒட்டி, மெழுகுக் கலர்க்கட்டியைப் படுக்கவைத்துத் தேய்த்தால் எழுத்து அப்படியே பதியும். மேல் பெயின்ட்டை எடுக்கும்போது ஏதாவது கெட்டாலும் இந்தப் பிரதி கையில் இருக்கும்.

பெயின்ட் ரிமூவர் வேண்டாம், தின்னரும் வேண்டாம். மேலே இருப்பதும் எனாமல், கீழே இருப்பதும் எனாமல். இரண்டும் சேர்ந்தே சுருங்கும். ஓர் ஓரத்தில் தீப்பெட்டி அளவு இடத்தில் 1000 நம்பர் வாட்டர் பேப்பர், சோப்புத் தண்ணீர், கார்க் கட்டை. கீழ்க் கலர் கண்ணில் பட்டதும் 1500க்கு மாறி, கட்டையை விட்டு விரலால். எழுத்துக்கு நிழல் கொடுத்த இடத்தில் தங்க நிறம் வந்தால் நிறுத்துங்க. அது பித்தளைப் பொடியாக இருக்கலாம், ஈரத்தில் கையோடு வந்துவிடும்.

அதற்கு முன்பே கதவின் உள்பக்கம், அடிவிளிம்பு. தண்ணீர் வடியும் ஓட்டைகள் மண் அடைத்திருக்கும், அங்கேதான் துரு தின்னும். கம்பியால் குத்தித் திறந்து, நல்ல தண்ணீரில் மூன்று நாள் தொடர்ந்து கழுவுங்க. உப்பு உள்ளே இருக்கும்போது மேலே என்ன அடித்தாலும் கொப்பளிக்கும்.

வருஷம் கண்டுபிடிக்க எழுத்தே சொல்லும். என்ன படிக்க முடிகிறது?

உப்பனாறு_ஓடி:

டார்ச் வைத்ததில் தெரிந்தது: "... லாரி சர்வீஸ்", அடியில் "தலைமை ஆபீஸ் கடலூர் ஓ.டி., தென்னாற்காடு", அடுத்த வரி "கிளைகள்: பாண்டி, பண்ருட்டி, விருத்தாசலம்". நெற்றியில் "பப்ளிக் கேரியர்", அதன்மேலேயே பிறகு எழுதின "கூட்ஸ் கேரியர்". முன் கிரில்லில் டி எழுத்து. பின் பாடிப் பலகையில் பச்சைக்கு அடியில் பழுப்பு, நடுவில் பெரிய வட்டம்.

பாதிரிப்புலியூர்_பிரஷ்:

அந்த "தலைமை"யில் லை எப்படி இருக்கு? "கிளைகள்"ளில் ளை?

உப்பனாறு_ஓடி:

இரண்டுக்கும் முன்னால் தனிக் கொம்பு இல்லை. எழுத்தின் தலையிலேயே யானைத் தும்பிக்கை மாதிரி வளைவு.

பாதிரிப்புலியூர்_பிரஷ்:

அப்போ எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய கை. அரசாணை 1978இல். பழைய பெயின்டர்கள் அதற்குப் பிறகும் சில வருஷம் தும்பிக்கையை விடவில்லை, அதனால் 78ஐக் கத்தியால் வெட்டின கோடாக எடுக்காதீங்க. பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15. முகவரியில் 607 என்று தொடங்கும் கடலூர்ப் பின்கோடு இல்லாதது ஒரு சின்னச் சாட்சிதான், இடம் போதாமல் விட்டவர்களும் உண்டு.

விருத்தாசலம்_ஆர்சி:

மற்றதை நான் சேர்க்கிறேன். டெல்கோவும் (டாடா லாரிக் கம்பெனியின் அப்போதைய பெயர்) டெய்ம்லர் பென்ஸும் 1954இல் போட்ட ஒப்பந்தம் 15 வருஷம். கிரில்லில் பென்ஸ் நட்சத்திரம் போய் டாடாவின் டி வந்தது அதற்கப்புறம். ஆக வண்டி 1969க்கு முந்தியதல்ல, கிரில் மாற்றப்படாமல் இருந்தால். "பப்ளிக் கேரியர்" 1939 மோட்டார் வாகனச் சட்டத்தின் வார்த்தை. 1988 சட்டம் 1989 ஜூலை 1 முதல் நடைமுறை, அதில் "கூட்ஸ் கேரேஜ்". மேல் எழுத்து அதற்குப் பிறகு. காய்ந்த இலைப் பழுப்பு, வெள்ளைக் கரை, 60 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் "நேஷனல் பெர்மிட்": இது 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 90ஆவது விதியாக இருந்தது. வட்டத்தை டேப் வைத்து அளந்து பாருங்க. தென்னாற்காடு இரண்டானது 1993 செப்டம்பர் 30.

ஆனால் கதவு அந்த வண்டியின் கதவுதானா? லாரியில் கதவு மாறுவது சட்டை மாறுவது மாதிரி. கதவிலும் கௌல் தகட்டிலும் (முன் கண்ணாடிக்குக் கீழே இருப்பது) பெயின்ட் அடுக்கு ஒரே வரிசையில் இருக்கான்னு தீப்பெட்டி அளவு ஜன்னல் போட்டு ஒப்பிடுங்க. தயாரிப்பு வருஷத்துக்கு ஆர்.சி. புத்தகமும் சேசிஸ் நம்பரும்தான் கடைசி வார்த்தை.

விண்டேஜ் பதிவு பண்ணலாமா என்று யாராவது கேட்பதற்கு முன்: 2021 விதி இரு சக்கர, நான்கு சக்கரச் சொந்த வண்டிகளுக்கு மட்டும். லாரிக்கு இல்லை. கேட்டுக்கு வெளியே போகணும்னா டிரெய்லர்மேல் ஏற்றித்தான்.

நெல்லிக்குப்பம்_லோடு:

நாசில் இல்லைன்னு ஒத்துக்கிறேன். ஆனால் பத்தடி நகர்த்தப் போறீங்க, இரண்டு எச்சரிக்கை.

கிளட்ச் பிளேட் ஃபிளைவீலோடு ஒட்டியிருக்கும். பெடலை அழுத்தி, சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே ஒரு கட்டையை முட்டுக்கொடுத்து ஒரு ராத்திரி விடுங்க. ஒட்டின நிலையில் கியரில் ஸ்டார்ட் செய்தால் ஷெட் சுவர் மிஞ்சாது.

டயர் 9.00-20, லாக் ரிங் ரிம். ரிங் துருப்பிடித்திருந்தால் காற்றடிக்கும்போது பீரங்கிக் குண்டு. சக்கரத்தைச் சங்கிலியால் சுற்றிக் கட்டி, நீள ஹோஸில் கிளிப் போட்டு, ஆள் பக்கவாட்டில் தள்ளி நிற்கணும். முதலில் 20 பவுண்ட், ரிங் சுற்றிலும் உட்கார்ந்ததா பார்த்த பிறகுதான் மேலே. 2015 வெள்ளத்தில் அச்சு வரை தண்ணீர் வந்திருந்தால் டிஃபரன்ஷியல் ஆயிலை இறக்கிப் பாருங்க. பால் மாதிரி வந்தால் ஹப் கிரீஸும் போச்சு. பிரேக்கின் வீல் சிலிண்டர் ரப்பர் கப்புகளை நம்பாதீங்க, கட்டை வைக்க ஒரு ஆள் வேணும்.

உப்பனாறு_ஓடி:

நிலவரம். டயாபிரம் லெதர். பொரிக்காத அப்பளம் மாதிரி விறைத்து, விளிம்பு மடிப்பில் அரை வட்டத்துக்கு விரிசல். மூச்சு ஓட்டையில் குளவி மண் நிஜமாகவே இருந்தது. ரேக் இரண்டு ராத்திரி ஊறியதும் விட்டுவிட்டது. புது டயாபிரம், துணி ஹோஸ் போட்ட பிறகு லீவர் பாதியில் நின்று ஊர்கிறது. பலகையோடு ஆள் நிற்க ஸ்டார்ட் செய்தோம். ரேஸ் இல்லை, ஸ்டாப்பர் இழுத்ததும் அடங்கியது. ஐட்லிங்கில் மட்டும் இன்னும் லேசாக ஆடுகிறது. கிளட்ச் விட்டுவிட்டது.

வட்டம் சரியாக 60. கௌலிலும் வலது கதவிலும் அதே பச்சை, அடியில் பழுப்பு இல்லை, அதே நீலம். இடது கதவில் நீலமே இல்லை.

முத்தியால்பேட்டை_பம்ப்:

மிச்ச ஆட்டத்துக்குக் கவர்னர் தலையின் பின்னால் லாக் நட்டோடு ஒரு சின்ன ஸ்குரூ இருக்கும், உள்ளே துணை ஸ்பிரிங். எஞ்சின் நல்லா சூடான பிறகு நட்டைத் தளர்த்திக் கால் சுற்று, கால் சுற்றாக உள்ளே. ஆட்டம் நின்ற இடத்தில் நிறுத்தி நட்டை இறுக்குங்க. அதற்குமேல் திருகினால் ஐட்லிங் இறங்காது, மறுபடி பலகைக்கு வேலை வரும்.

பாதிரிப்புலியூர்_பிரஷ்:

இடது கதவு வேறு வண்டிக் கதவு. வலது கதவை மட்டும் தேய்ங்க. இடதில் 1500கூட வைக்க வேண்டாம், கழுவி விட்டால் போதும்.