எரிபொருள் கேஜில் பாதிக்கு மேல் இருந்தும் விமான எஞ்சின் நின்னுடுச்சு, எதைப் பார்க்கணும்? (அவசரம்)

தாழ்பறவை:
க்ரூஸில் (மட்டமா பறக்கிறப்போ) 3000 அடியில் எஞ்சின் ரெண்டு மூணு தடவை இருமிட்டு நின்னுடுச்சு. கார்ப் ஹீட் (கார்ப்பரேட்டருக்குச் சூடான காற்று விடுறது) போட்டேன், மாற்றமில்லை. வயலில் இறக்கியாச்சு, யாருக்கும் அடியில்லை, மூக்குச் சக்கரம் வளைஞ்சிருக்கு. கேஜில் பாதிக்கு மேலே காட்டிச்சு. கார்ப்பரேட்டரா, மேக்னெட்டோவா (தீப்பொறிக்கு மின்சாரம் தர்றது)?

காற்றுமானி:
அடியில்லைன்னு படிச்சதும்தான் மூச்சு வந்தது. எந்த விமானம்? செலக்டர் (எந்த டேங்க்கிலிருந்து எடுக்கணும்னு மாற்றுற குமிழ்) எந்த டேங்க்கில்? கிளம்பி எவ்வளவு நேரம்?

மேகவாசி:
கார்ப் ஐஸ்தான். ஈரக்காற்றா இருந்தா வெளியே 20 டிகிரியிலும் கார்ப்பரேட்டரின் குறுகலான வெஞ்சுரியில் ஐஸ் கட்டும். ஹீட் போட்டதும் உருகின தண்ணி உள்ளே போய் எஞ்சின் இன்னும் மோசமா ஓடும், பயந்து அணைச்சுடுவாங்க. எவ்வளவு நேரம் போட்டு வெச்சீங்க? அதுக்கு முன்னாடி ஆர்பிஎம் மெல்ல இறங்கிச்சா?

தாழ்பறவை:
பைப்பர் வாரியர். ரெண்டு பக்க டேங்க்கும் டேப் (உள்ளே இருக்கிற அளவுக்குறி) வரை நிரப்பினது. 1 மணி 50 நிமிஷம் ஆகியிருக்கும். ஆர்பிஎம் இறங்கலை, திடீர்னுதான். இடது டேங்க்.

மூத்தவிமானி:
தம்பி, இதையெல்லாம் முதல் பதிவிலேயே எழுதணும். கணக்கு ஆரம்பப் பாடம்தான். டேப்னா ஒரு பக்கம் 17 கேலன், அதில் 1 கேலன் எடுக்க முடியாதது. மிச்சம் 60 லிட்டர். நல்லா லீன் பண்ணினாலே (கலவையில் எரிபொருளைக் குறைச்சாலே) மணிக்கு 32 லிட்டர் குடிக்கும், ரிச்சா விட்டா 38ஐத் தாண்டும். டாக்ஸியும் ஏற்றமும் சேர்த்தா ஒரு டேங்க் இந்த நேரத்தில்தான் வறளும். நீங்க பார்த்தது வலது கேஜ். செஸ்னா 172இல் ரெண்டு டேங்க்கும் சேர்ந்து வர்ற நிலை உண்டு, வாரியரில் இடது, வலது, ஆஃப் மட்டும். டேங்க்கை மாற்றவே இல்லை, அதான்.

குளவிக்கூடு:
அதுக்குள்ள முடிவு கட்ட வேண்டாம். இடது டேங்க்கின் வென்ட் (காற்றுக்குழாய்) அடைச்சாலும் இதே மாதிரி நிக்கும். இறக்கைக்கு அடியில் இருக்கிற அந்தக் குழாயில் பூச்சி கூடு கட்டிடும், உள்ளே வெற்றிடமாகி டேங்க்கில் எரிபொருள் இருந்தாலும் வராது.
தாழ்பறவை, இப்போ மூடியைத் திறக்காதீங்க, வடிக்காதீங்க. கேஜ் பார்க்கிறதுக்காக மாஸ்டர் ஸ்விட்ச்சைப் போடாதீங்க, எங்காவது கசிவு இருக்கலாம். செலக்டர், மிக்ஸ்சர் (கலவை லிவர்), பம்ப் ஸ்விட்ச் எந்த நிலையில் இருக்கோ அப்படியே படம் எடுங்க. இறங்கும்போது செலக்டரை ஆஃபில் வெச்சிருந்தா அதையும் எழுதி வையுங்க. விபத்து விசாரணை அதிகாரிகளுக்குச் சொல்லிட்டு, அவங்க அனுமதிச்ச பிறகு ஒவ்வொரு டேங்க்கையும் தனித்தனியா வடிச்சு அளக்கணும். விமானம் சாய்ஞ்சு நிக்கிறப்போ குச்சி விட்டுப் பார்க்கிற அளவு தப்பாத்தான் வரும்.

காற்றுமானி:
வாரியர் ஓட்டுற மத்தவங்களுக்காக: எஞ்சின் நின்னதும் 73 நாட் வேகத்தில் சறுக்கணும். உடனே அடுத்த டேங்க், மின்பம்ப் ஆன், மிக்ஸ்சர் ரிச், கார்ப் ஹீட். வறண்ட குழாய் நிரம்ப 10 விநாடி வரை ஆகும்னு கையேடே சொல்லுது. அந்தப் பத்து விநாடியில்தான் தப்பு நடக்குது. எஞ்சின் பிடிக்கலைன்னு பழைய டேங்க்குக்கே திருப்பிடறாங்க.

மேகவாசி:
அரை மணிக்கு ஒரு தடவை டேங்க்கை மாற்றினா இந்தப் பிரச்சினையே வராது. நிமிட முள் வலப்பாதியில் இருந்தா வலது, இடப்பாதியில் இருந்தா இடது.

மூத்தவிமானி:
முள்ளை நம்பினா, முள் ஆறைத் தொடுறப்போ ஃபைனலில் (இறங்குறதுக்கான கடைசி நேர்பாதையில்) இருந்தாலும் கை செலக்டருக்குப் போகும். ஒவ்வொரு மாற்றத்தையும் நேரம் போட்டு எழுதணும். மணிக்கு ஒரு தடவை போதும்.

மேகவாசி:
ஃபைனலில் மாற்றச் சொன்னது யாரு? சர்க்யூட்டுக்குள்ளே (ஓடுபாதையைச் சுற்றி வர்ற பாதை) நுழையுறதுக்கு முன்னாடியே கூடுதலா இருக்கிற டேங்க்குக்கு மாறிடணும்.

காற்றுமானி:
புறப்பாட்டுக்கும் அதேதான். ரன்அப் (கிளம்பும் முன் எஞ்சின் சோதனை) பண்ணின டேங்க்கிலேயே ஏறணும். கடைசி நேரத்தில் மாற்றினா, புது டேங்க்கிலிருந்து வரத்து இல்லைன்னாலும் குழாயில் மிச்சமிருக்கிறதை வெச்சு தரையைவிட்டு எழும்பிடும். நிக்கிறது ஓடுபாதை முடிஞ்ச பிறகு.

தாழ்பறவை:
இன்னிக்கு அளந்தாங்க. இடதில் 3 லிட்டர், வலதில் 64. வென்ட்டில் அடைப்பில்லை. நன்றி.

மேகவாசி:
அப்போ ஐஸ் இல்லை, ஒத்துக்கறேன். அரை மணிக் கணக்கை மட்டும் விட மாட்டேன்.