என்ஜினில் துரு, அவசரம்: எதைப் போட்டுக் கழுவணும்?

ரப்பர்தோப்பு (காலை 7.10)
அண்ணன்மாரே, அப்பாவின் கார் ரொம்ப நாளாக ஓடாமல் நிற்கிறது. இன்று பானெட்டைத் திறந்தால் என்ஜின் எல்லாம் துரு. ஒருத்தர் வினிகர் என்கிறார், ஒருத்தர் டீசல் என்கிறார். எது சரி? ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி வீட்டு விசேஷத்துக்கு எடுக்கணும். சீக்கிரம் சொல்லுங்கள்.

குழித்துறை ஸ்பானர் (7.24)
எந்தக் கார் தம்பி? பெட்ரோலா டீசலா? எத்தனை நாளாக நிற்கிறது? துரு வெளியே மட்டுமா, உள்ளேயுமா? ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்தீர்களா?

கொளச்சல் காற்று (7.31)
வினிகர்தான், கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம். கடலோரத்தில் இருக்கிறேன், எங்கள் வீட்டில் கேட்டுக் கீல் முதல் ஸ்பானர் வரை எல்லாம் துருப்பிடிக்கும். ஒரு ராத்திரி ஊறப்போட்டு, காலையில் பிரஷ் போட்டால் கறுப்பாக உதிர்ந்துவிடும். அப்புறம் சமையல் சோடா கலந்த தண்ணீரில் கழுவி, உடனே துடைத்து எண்ணெய் பூசணும். சும்மா விட்டால் அரை மணி நேரத்தில் மறுபடியும் மஞ்சளாகும்.

நாற்பதாண்டுப் பட்டறை (7.50)
இதே கேள்விக்கு இங்கே பலமுறை பதில் எழுதியாகிவிட்டது, தேடிப் படிக்கிற பழக்கம் யாருக்கும் இல்லை. ‘என்ஜின் எல்லாம் துரு’ என்று எழுதுகிறவர் இன்னும் என்ஜினைச் சரியாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம். மேனிஃபோல்டு, அதாவது என்ஜின் புகை வெளியேறுகிற குழாய், வார்ப்பிரும்பு, சூடுபடுகிற பாகம். புது வண்டியிலேயே சில மாதத்தில் சிவக்கும், அதைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். படம் போடுங்கள்.

ரப்பர்தோப்பு (8.40)
மன்னிக்கணும், அவசரத்தில் எழுதிவிட்டேன். மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. மார்த்தாண்டம் பக்கம் தோட்டத்து ஷெட்டில், மண் தரையில், தார்ப்பாய் போட்டு மூடியிருந்தோம். இரண்டு இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை தாண்டிவிட்டது. மேனிஃபோல்டு, போல்ட்டு எல்லாம் சிவப்பு. ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கட்டன்சாயா (பால் இல்லாத டீ) நிறத்தில் வெள்ளம். பக்கத்து மெக்கானிக் எட்டிப் பார்த்து, “உள்ளே துரும்பு பிடிச்சிருக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனார். நேற்று புது பேட்டரி மாட்டி செல்ஃப் அடித்தேன். ‘டக்’ என்று ஒரே சத்தம், அவ்வளவுதான். இன்னொரு தடவை அடிக்கலாமா?

வாளையார் லைன் (8.46)
உள்ளே துரும்பு போயிருக்கிறது என்றால் ஏர் ஃபில்டர் கிழிந்திருக்கும். கார்புரேட்டரைக் கழற்றி ஊதுங்கள். எலி கூடு கட்டினாலும் இப்படி வைக்கோல் உள்ளே போகும்.

குழித்துறை ஸ்பானர் (8.49)
தம்பி, சாவியைத் தொடாதீர்கள்! பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு இதைப் படியுங்கள்.

அந்த ‘டக்’தான் விஷயம். புது பேட்டரியிலும் என்ஜின் அசையவில்லை என்றால், செல்ஃப் மோட்டார் கோளாறாக இருக்கலாம், அல்லது பிஸ்டன் ரிங் (பிஸ்டனைச் சுற்றியிருக்கிற வளையம்) சிலிண்டர் சுவரோடு துருவில் ஒட்டியிருக்கலாம். இரண்டாவதுதான் என்றால், செல்ஃபில் மல்லுக்கட்டினால் ரிங் உடையும், சுவரில் கோடு விழும். என்ஜின் எந்த நிலையில் நின்றாலும் மூன்று சிலிண்டரில் ஒன்றிலாவது வால்வு திறந்திருக்கும். சைலன்சர் வழியாக ஈரக்காற்று அதற்குள் போகும். அதனால் மூன்றும் ஒரே மாதிரி துருப்பிடித்திருக்காது.

பிளக் மூன்றையும் கழற்றுங்கள், எந்த வயர் எதற்கு என்று குறித்துக்கொள்ளுங்கள். டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். பிறகு ஒவ்வொரு துளையிலும் இரண்டு மேசைக்கரண்டி டீசலும் என்ஜின் ஆயிலும் கலந்து ஊற்றி ஒரு நாள் விடுங்கள். மறுநாள் கொஞ்சம் சேர்த்து ஊற்றுங்கள். அப்புறம் கியரை நியூட்ரலில் வைத்து, கிராங்க் புல்லி (என்ஜினின் முக்கியத் தண்டு முனையில் இருக்கிற சக்கரம்) போல்ட்டில் ஸ்பானர் மாட்டி, கையால் மட்டும் முன்னும் பின்னும் மெதுவாக அசையுங்கள். நீளக் குழாய் மாட்டி நெம்பவே கூடாது.

வினிகர் கழற்றி ஊறவைக்கிற பிராக்கெட்டுக்குச் சரி. சிலிண்டருக்குள் ஊற்றினால் கழுவி எடுக்க வழியில்லை, ரிங் வழியாக ஆயிலில் இறங்கி பேரிங்கை அரிக்கும்.

கொளச்சல் காற்று (9.05)
சரி, உள்ளே வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டீசலைவிட ஏடிஎஃப்பும் (ஆட்டோமேட்டிக் கியர் ஆயில்) அசிட்டோனும் சரிபாதி கலந்தது நன்றாக இறங்கும். நன்றாகக் குலுக்கிவிட்டு உடனே ஊற்றணும், வைத்தால் பிரிந்துவிடும். தீப்பிடிக்கிற சாமான், பீடி சிகரெட் பக்கத்தில் வேண்டாம்.

தேங்காய்ப்பட்டணம் (9.20)
எங்கள் பாட்டா அரிவாளுக்கும் மண்வெட்டிக்கும் தேங்காய் எண்ணெய்தான் பூசுவார், துருவே வராது. அதையே ஊற்றலாமே?

நாற்பதாண்டுப் பட்டறை (9.33)
அரிவாளை வாரம் ஒருமுறை எடுத்துத் துடைக்கிறோம், மறுபடி பூசுகிறோம். என்ஜினுக்குள் அப்படி முடியாது. தேங்காய் எண்ணெய் நாளாக நாளாகக் காறும், அமிலமாகும். மினரல் ஆயில்தான். இதைக்கூட விளக்க வேண்டியிருக்கிறது.

நாஞ்சில் டீசல் (9.41)
வாளையார் அண்ணாச்சி, அவர் சொன்னது வைக்கோல் துரும்பு இல்லை. எங்கள் விளவங்கோடு பக்கம் துருவைத் துரும்பு என்றுதான் சொல்வோம்.

வாளையார் லைன் (9.50)
அது மலையாளம்தானே. தமிழில் துரு என்றால் எல்லோருக்கும் புரியும்.

நாஞ்சில் டீசல் (9.58)
1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த ஊர். என் அம்மை தண்ணீரை வெள்ளம் என்றுதான் சொல்வாள், அவளுக்குத் தமிழ் தவிர வேறு பாஷை தெரியாது. எங்கள் வாயில் இருக்கிற சொல் எங்கள் தமிழ். நீங்களும் எல்லையில்தானே இருக்கிறீர்கள், உங்கள் பக்கம் இப்படி ஒரு சொல்கூட இல்லையா?

வாளையார் லைன் (10.15)
இருக்கிறது, மறுக்கவில்லை. நான் தப்பாகப் புரிந்துகொண்டேன். ஏர் ஃபில்டர் விஷயத்தை விட்டுவிடுங்கள்.

குழித்துறை ஸ்பானர் (10.30)
வண்டிக்கு வருவோம். ரேடியேட்டரில் கிணற்று வெள்ளம்தானே ஊற்றினீர்கள்? ‘நம்ம ஊரில் பனியா பெய்கிறது, கூலன்ட் எதற்கு’ என்று பலர் கேட்கிறார்கள். அதில் துருவைத் தடுக்கிற மருந்து இருக்கிறது, நமக்கு வேண்டியது அதுதான். பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம், வெறும் வெள்ளம் இரண்டையும் சேர்த்து அரிக்கும். தெளிவாக வரும்வரை ஃபிளஷ் செய்து, கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிப்பாதி ஊற்றுங்கள்.

இன்னொன்று. நிறுத்தி வைக்கிற வண்டியை வாரம் ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் செய்து அணைப்பதுதான் நல்லது என்று நினைக்கிறோம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் நீர் ஆவியாக வருகிறது. சூடாகாத என்ஜினிலும் சைலன்சரிலும் அது வியர்த்துத் தங்கும். எடுத்தால் அரை மணி நேரமாவது ஓட்டுங்கள், இல்லையென்றால் எடுக்க வேண்டாம். தார்ப்பாயை இன்றே எடுத்துவிடுங்கள், மண் தரை ஈரத்தை அது உள்ளேயே பிடித்து வைக்கும்.

கொளச்சல் காற்று (மறுநாள், மாலை 6.20)
ரப்பர்தோப்பு தம்பி, என்ன ஆச்சு?

நாற்பதாண்டுப் பட்டறை (மறுநாள், இரவு 9.02)
அசைந்தாலும் உடனே பிளக்கை மாட்டிவிட வேண்டாம். துளையைத் துணியால் மூடி, கையால் பல சுற்று சுற்றி, ஊற்றியது முழுக்க வெளியே வரட்டும். உள்ளே திரவம் நிற்கும்போது செல்ஃப் அடித்தால் கனெக்டிங் ராடு (பிஸ்டனைத் தாங்குகிற தண்டு) வளையும். ஆயில், ஃபில்டர், டைமிங் பெல்ட், டேங்கில் உள்ள பழைய பெட்ரோல் எல்லாம் மாற்றணும்.

ரப்பர்தோப்பு (நான்காம் நாள், காலை 6.45)
நேற்று சாயங்காலம் அசைந்தது. முதலில் ஒரு நூல் அளவு, அப்புறம் முழுச் சுற்று. இரண்டாவது சிலிண்டரில்தான் துரு, டார்ச்சில் செங்கல் பொடி மாதிரி தெரிந்தது. பெல்ட் இன்னும் மாற்றவில்லை, விசேஷத்துக்குப் பஸ்ஸில் போகிறோம். எல்லோருக்கும் நன்றி.