மறு: மருந்துக்குப் புதுப்பயன் – கலைச்சொல் வேண்டும்

அன்புள்ள நண்பர்களே, வணக்கம்.

ஒரு நோய்க்கென இருக்கும் பழைய மருந்தை வேறொரு நோய்க்குப் பயன்படுத்துவதை ஆங்கிலத்தில் ‘ட்ரக் ரீபர்ப்பஸிங்’ என்கிறார்கள். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு இந்த இழையில் வந்த சொற்களில் ‘மறுபயன்பாடு’ வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. மருத்துவமனையில் அந்தச் சொல் புழங்குவது ஒருமுறை போட்ட ஊசியை மறுபடி போடுவதைக் குறிக்கத்தான். ‘மறுபயன்பாட்டு மருந்து’ என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தால், யாரோ தின்று மிஞ்சிய மாத்திரை என்று நோயாளி பதறிப்போவார். ‘மாற்றுப்பயன்’ காதுக்கு இனிமைதான். ஆனால் ‘மாற்று மருத்துவம்’ ஏற்கெனவே வேறு பொருளில் வேரூன்றிவிட்டது.

இழையில் ஐயா ஒருவர் முன்வைத்த ‘புதுப்பயனாக்கம்’ எனக்குப் பிடித்திருக்கிறது. இங்கே மருந்து பழையது, நோய்தான் புதிது. தாலிடோமைடை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் கைகால் குறையோடு பிறக்கக் காரணமாகி, 1961இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனையிலிருந்து விலக்கப்பட்ட மருந்து அது. 1964இல் ஜெருசலேமில் ஜேக்கப் ஷெஸ்கின் என்ற மருத்துவர், தொழுநோயாளிகளுக்கு வரும் கடும் எதிர்வினைக்கு அது கேட்கிறது என்று கண்டார். அந்தப் பயனுக்கு அமெரிக்க ஒப்புதல் கிடைத்தது 1998இல். ‘புது’ என்ற முன்னொட்டு இந்தக் கதைக்கு அப்படியே பொருந்துகிறது.

ஆனால் இழையில் அக்கா ஒருவர் கேட்டது, இப்படிப்பட்ட புதுப்பயனைக் கணினி வழியில் தேடுவதற்கான சொல். அதையும் ‘கணினிவழிப் புதுப்பயனாக்கம்’ என்றே சொல்லிவிடலாமா? கூடாது என்பேன்.

கணினி என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஒரு நோயில் எந்தெந்த மரபணுக்களின் வெளிப்பாடு (அவை செயல்படும் அளவு) கூடியிருக்கிறது, எவை குறைந்திருக்கின்றன என்று ஒரு பட்டியல் எடுக்கிறார்கள். மருந்து பட்ட செல்களிலும் அதே போன்ற பட்டியல். நோயில் ஏறியதை இறக்கி, இறங்கியதை ஏற்றும் மருந்து எது என்று தேடுகிறது கணினி நிரல். 2006இல் அமெரிக்காவின் பிராட் ஆய்வு நிறுவனம் 164 வேதிப்பொருள்களுக்கு இப்படிப்பட்ட தரவை வெளியிட்டது. 2011இல் ஸ்டான்ஃபோர்டில் அதுல் பட்டேயின் குழு அதைப் பல நோய்களோடு ஒப்பிட்டபோது, வலிப்புக்குத் தரும் டோபிரமேட் குடல் அழற்சி நோய்க்கு உதவலாம் என்று வந்தது. எலிகளில் பலனும் தெரிந்தது. பிறகு 2014இல் அமெரிக்கக் காப்பீட்டுத் தரவில், குடல் அழற்சி நோயாளிகளில் அந்த மருந்தை உண்டவர்களைத் தேடிப் பார்த்தார்கள். அவர்களுக்கு நோய் மறுபடி தீவிரமாவது குறைந்ததாகத் தெரியவில்லை.

அப்படியானால் டோபிரமேட் ‘புதுப்பயனாக்கப்பட்ட’ மருந்தா? இல்லை. தேடலில் அகப்பட்ட மருந்து, அவ்வளவே. பாரிசிட்டினிப் கதை வேறு. மூட்டுவாதத்துக்கான அந்த மருந்தைக் கொரோனாவுக்குப் பார்க்கலாம் என்று 2020 பிப்ரவரியில் ஒரு கணினித் தேடல் சுட்டியது (அது மரபணு வெளிப்பாட்டுத் தரவில் நடந்ததல்ல, ஆய்வுக்கட்டுரைகளைக் கோத்த அறிவு வலையில் நடந்தது). நோயாளிகளிடம் சோதனைகள் நடந்து, 2022 மே மாதம் அமெரிக்காவில் முழு ஒப்புதல் வந்தது. அதைத் தயங்காமல் புதுப்பயனாக்கம் என்று சொல்லலாம்.

ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்துக்கொண்டிருக்கிறது. நாமும் அப்படியே செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. கணினிக் கட்டத்துக்குப் ‘புதுப்பயன் தேடல்’, மனிதர்களிடம் சோதித்து உறுதியானதற்குப் ‘புதுப்பயனாக்கம்’ என்று பிரிப்போம். செய்தித்தாளில் ‘வலிப்பு மாத்திரைக்குப் புதுப்பயன் தேடல்’ என்று வந்தால், மறுநாளே யாரும் மருந்துக்கடைக்கு ஓடமாட்டார்கள். கொரோனாக் காலத்தில் மலேரியா மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயினுக்கு அந்த ஓட்டத்தைப் பார்த்தோமே.

சொல் நீளம் என்ற குறை எனக்குப் பெரிதாகப் படவில்லை. ‘புதுப்பயனாக்கு’, ‘புதுப்பயனாக்கிய’ என்று வினையாகவும் எச்சமாகவும் இடறாமல் வருகிறது.

இன்னொன்று பாக்கி. மேலே சொன்ன ஏற்ற இறக்கப் பட்டியலை ‘சிக்னேச்சர்’ என்கிறார்கள். இங்கே ‘கையொப்பம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். யாரும் ஒப்பமிடவில்லையே, ‘வெளிப்பாட்டுத் தடம்’ போதும் என்று நினைக்கிறேன். மரபியல் படித்தவர்கள் இதைப் பார்த்துச் சொன்னால், மூன்றையும் சேர்த்தே விக்சனரி என்ற இணைய அகராதியில் ஏற்றிவிடலாம்.

அன்புடன்.