பழைய ஜெட் ஸ்கி: குறைவாக ஓடியதை வாங்குவதா, நன்றாக ஓடியதை வாங்குவதா?

ஆற்றோரன்:

அனைவருக்கும் வணக்கம். நண்பர்களின் ஜெட் ஸ்கிகளை (நீரில் ஓட்டும் மோட்டார் வண்டிகளை) ஓட்டிப் பழகிய பிறகு, சொந்தமாக ஒன்று வாங்க வேண்டும் என்ற எண்ணம் வலுப்பட்டிருக்கிறது. புதியது வாங்கக் கையிருப்பு போதாது. பழையவற்றைத் தேடியதில் இரண்டு வண்டிகள் மனத்துக்குப் பிடித்திருக்கின்றன. இரண்டுக்கும் கேட்கும் விலை ஏறத்தாழ ஒன்றே.

முதலாவது 2007ஆம் ஆண்டு சீ-டூ ஆர்எக்ஸ்டி. சூப்பர்சார்ஜர் (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் திணிக்கும் கருவி) பொருத்தப்பட்ட 215 குதிரைத்திறன் எஞ்சின். மீட்டரில் 48 மணி நேரம் மட்டுமே ஓடியிருப்பதாகக் காட்டுகிறது. கடலில் ஓட்டியது என்றாலும், பெரும்பாலான காலம் கொட்டகையில் மூடி வைத்திருந்ததாக உரிமையாளர் சொல்கிறார்; வெளித்தோற்றத்தில் ஒரு கீறல்கூட இல்லை. இரண்டாவது 2017ஆம் ஆண்டு யமஹா விஎக்ஸ். சூப்பர்சார்ஜர் இல்லாத மூன்று சிலிண்டர் எஞ்சின், 190 மணி நேரம் ஓடியது, ஏரி நீரைத் தவிர வேறெதிலும் இறங்காதது. பக்கவாட்டில் கீறல்கள் உள்ளன, இருக்கை உறையில் தையல் விட்டிருக்கிறது. ஆனால் ஆண்டுதோறும் ஆயில் மாற்றியதற்கான ரசீதுகளை உரிமையாளர் சேர்த்து வைத்திருக்கிறார்.

என் மனம் முதலாவதை நோக்கியே சாய்கிறது. குறைந்த மணிக்கணக்கை நம்பி அதை வாங்கலாமா? நேரில் பார்க்கச் செல்லும்போது எவற்றைச் சோதிக்க வேண்டும்? என் மனைவியும் பதினேழு வயது மகனும் ஓட்டுவார்கள் என்பதையும் கருத்தில் கொண்டு சொல்லுங்கள்.

பட்டறைவாசி:

மணிக்கணக்கு குறைவாக இருப்பது நல்லதுதான். ஆனால் அது எத்தனை ஆண்டுகளில் ஓடிய கணக்கு என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பொழுதுபோக்குக்காக ஓட்டுபவர்களின் வண்டி ஆண்டுக்கு 30 முதல் 50 மணி நேரம் வரை ஓடுவது வழக்கம். உங்கள் முதல் வண்டிக்கு ஆண்டுக்கு மூன்று மணி நேரம்கூடத் தேறாது. அவ்வளவு காலம் அது சும்மா கிடந்திருக்கிறது என்றுதான் இதற்குப் பொருள். கிடக்கும் வண்டியில் பெட்ரோல் கெட்டுப் பசையாகி இன்ஜெக்டர்களை அடைக்கும். ரப்பர் குழாய்கள் விறைத்து வெடிக்கும். பேரிங்குகளில் ஈரம் தங்கித் துரு ஏறும். கடலில் ஓட்டிவிட்டு நன்னீரால் அலசாமல் மூடி வைத்திருந்தால், உப்பு அந்த ஆண்டுகள் முழுவதும் உள்ளே தன் வேலையைச் செய்துகொண்டே இருந்திருக்கும்.

அதைவிட முக்கியமானது சூப்பர்சார்ஜர். அந்தக் காலத்து சீ-டூ வண்டிகளில் உள்ள ரோடாக்ஸ் 4-டெக் எஞ்சின்களில், சூப்பர்சார்ஜரைச் சுழற்றும் வழுக்குக் கிளட்சில் பீங்கான் வாஷர்களை வைத்திருந்தார்கள். அவை நொறுங்கினால் துகள்கள் எஞ்சின் ஆயிலோடு கலந்து, ஆயில் பம்பு வழியாக எஞ்சினையே அழித்துவிடக்கூடும். இதனால்தான் 100 மணி நேரத்துக்கு ஒருமுறை சூப்பர்சார்ஜரைக் கழற்றிப் புதுப்பிக்கச் சொன்னார்கள். புதுப்பிக்கும்போது உலோக வாஷர்களைப் போடுவது பின்னர் வழக்கமானது. 48 மணி நேரமே ஓடியதால் உங்கள் வண்டியின் சூப்பர்சார்ஜரை இதுவரை யாரும் திறந்திருக்க மாட்டார்கள் என்றே எண்ணுகிறேன். அப்படியானால் பழைய பீங்கான் வாஷர்கள் இன்னும் உள்ளேயே இருக்கின்றன. உரிமையாளரிடம் இதை நேரடியாகக் கேளுங்கள். புதுப்பித்ததற்கு ரசீது இல்லையென்றால், புதுப்பிக்கவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

குளிர்விக்கும் முறையிலும் இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. சீ-டூவின் நான்கு-ஸ்ட்ரோக் எஞ்சின்களில் காரில் இருப்பதைப்போல மூடிய சுற்றில் கூலண்ட் (குளிர்விக்கும் திரவம்) ஓடுகிறது. வெளிநீர் எஞ்சின் பிளாக்குக்குள் போவதில்லை, புகைபோக்கும் பகுதி போன்ற சில இடங்களுக்கு மட்டுமே போகிறது. யமஹாவில் வெளிநீரே எஞ்சின் வழியாகப் பாய்ந்து வெளியேறும். ஆகவே யமஹா வாங்குபவர் அது எந்த நீரில் ஓடியது என்பதை மிகவும் கவனிக்க வேண்டும். ஏரியில் மட்டும் ஓடியது என்பது உண்மையானால் அது உங்களுக்குப் பெரிய ஆதாயம். இருக்கையைத் தூக்கிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்: அலுமினியப் பாகங்களில் வெள்ளைப் பொடியும், கவ்விகளிலும் போல்ட்டுகளிலும் துருவும் இருந்தால், அந்த வண்டி உப்புநீரைப் பார்த்திருக்கிறது.

நீர்த்தடம்:

பட்டறைவாசி சொன்னதோடு உடன்படுகிறேன். சோதிக்கும் விதத்தைப் பற்றி நான் சொல்கிறேன்.

நீங்கள் வருவதற்கு முன்னால் எஞ்சினை இயக்க வேண்டாம் என்று உரிமையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சூடேறிய எஞ்சின் தன் குறைகளை மறைக்கும். குளிர்ந்த நிலையில் எவ்வளவு எளிதாகக் கிளம்புகிறது என்பதுதான் நமக்குத் தேவை. இயக்குவதற்கு முன் இருக்கையைத் திறந்து பெட்ரோல் வாடை வருகிறதா என்று முகர்ந்து பாருங்கள்; மூடிய உடற்கூட்டில் ஆவி தேங்கினால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. ஆயில் அளவுகோலை வெளியே எடுங்கள். ஆயில் பால் கலந்த நிறத்தில் இருந்தால் நீர் உள்ளே புகுந்திருக்கிறது. அதற்கு மேல் அந்த வண்டியில் நேரத்தைச் செலவிட வேண்டாம். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிக் கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) பார்க்கச் சொல்லுங்கள். சிலிண்டர்களுக்கிடையே பத்து சதவீதத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால், தக்க காரணம் தெரியாமல் வாங்கக் கூடாது.

அடுத்தது நீரைப் பின்னால் பீறிடச் செய்து வண்டியை உந்தும் பம்பு. வண்டியின் பின்புறத்திலும் அடியில் உள்ள கிராதி வழியாகவும் டார்ச் அடித்துப் பாருங்கள். பம்புக்குள் சுழலும் விசிறியான இம்பெல்லரின் இதழ்களின் விளிம்பு மடங்கியோ பல்லுப்பல்லாகவோ இருந்தால், கல்லோ மணலோ உள்ளே போயிருக்கிறது. இம்பெல்லருக்கும் அதைச் சூழ்ந்த சுவருக்கும் இடையே மிக நுண்ணிய இடைவெளிதான் இருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டரை நெருங்கினாலே உந்துவிசை குறையத் தொடங்கும். சீ-டூவில் இந்தச் சுவர், மாற்றக்கூடிய ஒரு பிளாஸ்டிக் வளையம்; அது தேய்ந்திருந்தால் பெரிய செலவில்லை, விலையைக் குறைத்துப் பேசலாம். அடிப்பாகத்தில் சிலந்தி வலை போன்ற வெடிப்புகளையும் நிறம் மாறிய ஒட்டுகளையும் தேடுங்கள். பக்கவாட்டுக் கீறல்கள் படகுத்துறையில் உரசியவையாக இருக்கும். அவை கண்ணுக்குத்தான் உறுத்தும், ஓட்டத்தைப் பாதிக்காது.

நீரில் ஓட்டிப் பார்க்காமல் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள். தரையில் குழாய்நீரை இணைத்து இயக்கிக் காட்டுவது எஞ்சின் ஓடும் என்பதற்கு மட்டுமே சான்று. நீரில் இறக்கி முழு வேகத்தில் சிறிது தூரம் ஓட்டும்போது, அந்த மாடலுக்கு உரிய உச்ச ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எஞ்சின் சுழலும் எண்ணிக்கை) வருகிறதா என்று பாருங்கள். ஆர்பிஎம் எகிறியும் வேகம் அதற்கேற்ப ஏறாவிட்டால் குறை பம்பில். ஆர்பிஎம்மே ஏறாவிட்டால் எஞ்சினில். பிறகு சிறிது நேரம் நிறுத்தி, சூடாக இருக்கும்போதே மறுபடி கிளப்புங்கள். கரைக்கு வந்ததும் இருக்கையைத் திறந்து அடியில் எவ்வளவு நீர் சேர்ந்திருக்கிறது என்று கட்டாயம் பாருங்கள். பலரும் இதைத் தவிர்த்துவிடுகிறார்கள் என்பது எனக்கு வருத்தம். எஞ்சினிலிருந்து பம்புக்குப் போகும் தண்டின் அடைப்பு (டிரைவ் ஷாஃப்ட் சீல்) கசிகிறதா என்பதை அந்த நீர்தான் காட்டிக்கொடுக்கும்.

குழாய்நீரால் அலசும்போது முதலில் எஞ்சினைக் கிளப்பி, அதன் பிறகே நீரைத் திறக்க வேண்டும். முடிக்கும்போது நீரை முதலில் அடைத்து, எஞ்சினைப் பிறகு நிறுத்த வேண்டும். வரிசை மாறினால் புகைக்குழாய் வழியாகச் சிலிண்டருக்குள் நீர் போய்விடக்கூடும். உரிமையாளர் இதை எப்படிச் செய்கிறார் என்று கவனித்தாலே, வண்டியை அவர் எப்படிப் பராமரித்திருப்பார் என்பது விளங்கிவிடும்.

நிதானி:

ஓட்டப்போகிறவர்களைப் பற்றியும் ஒரு சொல். பெரும்பாலான ஜெட் ஸ்கிகளில், பின்னால் பீறிடும் நீர்தான் வண்டியைத் திருப்புகிறது. எதிரே தடையைக் கண்டு பதறி ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டால், திருப்பும் ஆற்றலும் ஏறக்குறைய போய்விடும். வண்டி நேராகவே போகும். புதியவர்கள் மோதுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கைப்பிடியில் உள்ள நெம்புகோலால் வேகத்தைக் குறைக்கும் சீ-டூவின் பிரேக் அமைப்பு 2009ஆம் ஆண்டு மாடல்களில்தான் வந்தது. உங்கள் முதல் வண்டியில் அது கிடையாது. 2017 விஎக்ஸின் சில வகைகளில் யமஹாவின் ரைடு என்ற பிரேக் அமைப்பு உண்டு; இடதுகைப் பக்கம் நெம்புகோல் இருக்கிறதா என்று பாருங்கள். 215 குதிரைத்திறனை, பிரேக் இல்லாமல், பதினேழு வயதுப் பிள்ளையிடம் கொடுப்பதை என்னால் பரிந்துரைக்க முடியாது. அவசரத்தில் எஞ்சினை நிறுத்தும் கயிற்றை மணிக்கட்டிலோ உயிர்காப்புச் சட்டையிலோ மாட்டாமல் யாரும் கிளம்பக் கூடாது என்பதை வீட்டில் கண்டிப்பான விதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

உடற்கூட்டு எண் வண்டியின் பின்பகுதியில் பதிக்கப்பட்டிருக்கும். அது ஆவணத்தோடு ஒத்துப்போகிறதா, கடன் பாக்கி உள்ளதா என்றும் பாருங்கள். டிரெய்லரின் சக்கரப் பேரிங்குகளையும் மறக்க வேண்டாம்.

ஆற்றோரன்:

மூவருக்கும் நன்றி. இரண்டையும் நேரில் பார்த்துவிட்டேன். சீ-டூவின் சூப்பர்சார்ஜரை இதுவரை திறந்ததே இல்லை என்று உரிமையாளர் நேர்மையாகச் சொன்னார். நீரில் ஓட்டிப் பார்க்க மட்டும் அவர் சம்மதிக்கவில்லை. புதுப்பிக்கும் செலவை விலையில் கழித்துத் தருவதாகச் சொல்கிறார். யமஹாவை ஏரியில் ஓட்டினேன். குளிரிலும் சூட்டிலும் தயக்கமின்றிக் கிளம்பியது, அடியில் நீர் சேரவில்லை, ஆயில் தெளிவாக இருந்தது, இடதுகை நெம்புகோலும் உள்ளது. இம்பெல்லரின் ஓர் இதழில் மட்டும் சிறு மடிப்பு தெரிகிறது. கழிவுத்தொகையைக் கேட்டதும் மனம் மறுபடியும் சற்று ஊசலாடுகிறது.

பட்டறைவாசி:

கழித்துத் தரும் தொகை சூப்பர்சார்ஜருக்கு மட்டும்தான் ஈடாகும்; நீரில் ஓட்டவே விடாத வண்டியில் வேறு என்ன குறை இருக்கிறது என்பதற்கு யாரும் விலை சொல்ல முடியாது. அதை விட்டுவிடுங்கள். யமஹாவின் மடிந்த இதழைத் தேர்ந்த பட்டறையில் நிமிர்த்திச் சமன் செய்யலாம், அல்லது இம்பெல்லரையே மாற்றலாம். கழற்றும்போது பம்புச் சுவரில் ஆழமான கீறல் உள்ளதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். இம்பெல்லர் செலவைச் சொல்லி விலையைக் குறைத்துப் பேசி, ரசீதுகளையும் சாவிகளையும் உரிமையாளர் கையேட்டையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.